வாசகரை விடுங்கள், புத்தகத்தைத் தெரிந்துகொள்ளுங்கள்

தமிழில் வாசிப்பு குறைந்துவிட்டது என்று பேச்சு எழும் கூட்டங்களில் இப்போதெல்லாம் அடுத்த வாக்கியமாக ஓர் ஆப் வந்து நிற்கிறது. "நமக்கென்று ஒரு குட்ரீட்ஸ் இல்லையே, அதுதான் குறை" என்பார் ஒருவர். பக்கத்தில் இருப்பவர் கைபேசியை எடுத்து, தான் வரைந்து வைத்திருக்கும் ஸ்க்ரீன்களைத் தள்ளித் தள்ளிக் காட்டுவார். முதலில் வாசகரிடம் சில கேள்விகள்: எந்த வகை பிடிக்கும், பிடித்த எழுத்தாளர் யார், ஆண்டுக்கு எத்தனை புத்தகம் படிக்க உத்தேசம். அடுத்து, 'உங்களுக்காக' என்ற தலைப்பில் வரிசையாக அட்டைப்படங்கள். ஒவ்வொன்றின் கீழும் ஐந்து நட்சத்திரம். அதற்குக் கீழே விவாதம். கடைசியில் 'இந்த மாதம் அதிகம் படித்தவர்கள்' பட்டியல், முதல் மூவருக்குப் பதக்கம். பார்க்க அழகாகத்தான் இருக்கும்.

இதன் பின்னால் இருக்கும் நம்பிக்கை எளியது. வாசகர் ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம். நடுவே இல்லாதது பரிந்துரை. வாசகரின் ரசனையைக் கணிப்பொறி அளந்துவிட்டால் இரண்டும் சேர்ந்துவிடும். மென்பொருள்காரர்கள் மட்டுமல்ல, பதிப்பாளர்களும் மேடைப் பேச்சாளர்களும் இதையே சொல்கிறார்கள். தமிழ்ப் புத்தகங்களோடு கொஞ்ச காலம் புழங்கிய எவருக்கும் இது தலைகீழ்ப் பாடம் என்று தெரிந்திருக்க வேண்டும்.

ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சிக்குப் போய் ஓர் ஓரமாக நின்று பாருங்கள். இருபது இருபத்திரண்டு வயதுப் பையன் கைபேசியில் ஒரு பட்டியலோடு வருகிறான். ஜெயமோகனோ எஸ். ராமகிருஷ்ணனோ எங்கோ பரிந்துரைத்த நாவல்களின் ஸ்க்ரீன்ஷாட். ஸ்டால்காரரிடம் நீட்டி, "இது இருக்காண்ணே?" என்கிறான். "அது தீந்து ஏழெட்டு வருஷம் ஆச்சு தம்பி. வேற யாரோ போட்டிருக்கிறதா சொன்னாங்க, அந்தக் கடைசி வரிசைல கேட்டுப் பாருங்க." கடைசி வரிசையில் கேட்டால், "நாங்க போடல, முதல் வரிசைல கேளுங்க." நூற்றுக்கணக்கான ஸ்டால்களுக்கு நடுவே அந்தப் பையன் ஒரு மத்தியானம் முழுக்க அலைகிறான். அவனுக்கு என்ன வேண்டும் என்று அவனுக்குத் தெரியும். அவன் ரசனையை யாரும் அளந்து சொல்ல வேண்டியதில்லை. அந்தப் புத்தகம் அச்சில் இருக்கிறதா, யார் போட்டிருக்கிறார்கள், எங்கே கிடைக்கும் என்பதுதான் தெரியவில்லை. ஸ்டால்காரருக்கும் தெரியவில்லை. புத்தகத்துக்காக ஓர் ஆப் செய்ய வருபவர் வாசகரைத் தெரிந்துகொள்ளக் கிளம்ப வேண்டாம். புத்தகத்தைத் தெரிந்துகொண்டால் போதும். தமிழில் அந்த வேலையே இன்னும் பாக்கி.

பரிந்துரைக் கணக்கையே முதலில் பார்ப்போம். 'இதைப் படித்தவர்கள் அதையும் படித்தார்கள்' என்பதற்கு அடித்தளம் எண்ணிக்கை. நெட்ஃப்ளிக்ஸ் 2006இல் ஒரு போட்டி வைத்தது: தன்னுடைய கணிப்பைப் பத்து விழுக்காடு மேம்படுத்துபவருக்குப் பத்து லட்சம் டாலர். போட்டியாளர்களின் கையில் கொடுத்த தரவில் 17,770 படங்கள், ஏறத்தாழ 4,80,000 பேர், அவர்கள் போட்ட பத்துக் கோடிக்கும் மேற்பட்ட மதிப்பெண்கள் இருந்தன. சராசரியாக ஒரு படத்துக்கு 5,600க்கு மேல். 2009இல் பரிசைக் கொடுத்தார்கள். பிறகு, வென்ற முறையை முழுமையாக நடைமுறைப்படுத்தவில்லை. கிடைக்கும் பலனுக்கு அந்த உழைப்பு கட்டுபடியாகாது என்று நிறுவனமே சொல்லிவிட்டது. 2017இல் ஐந்து நட்சத்திரத்தையும் கைவிட்டுக் கட்டைவிரல் சின்னத்துக்கு மாறினார்கள். அவர்கள் தூக்கிப் போட்டதைத்தான் நாம் இன்று வரைபடத்தில் பெருமையாக வரைந்துகொண்டிருக்கிறோம்.

தமிழில் ஒரு நல்ல சிறுகதைத் தொகுப்பு சில நூறு பிரதி போனால் பதிப்பாளர் நிம்மதியாகத் தூங்குவார். அதில் ஆப்புக்கு வந்து நட்சத்திரம் போடுபவர் ஏழெட்டுப் பேர் தேறலாம். ஏழெட்டில் ஒருவர் ஆசிரியரின் மைத்துனர். இதை வைத்துக்கொண்டு எந்த அல்காரிதமும் எதையும் கண்டுபிடிக்காது. அதற்குத் தெரிந்த ஒரே வழி, கூட்டம் இருக்கும் பக்கம் கை காட்டுவது. பொன்னியின் செல்வன் படித்தவருக்குச் சிவகாமியின் சபதம். அதைப் படித்தவருக்குப் பார்த்திபன் கனவு. அதையும் முடித்தவருக்கு மறுபடி பொன்னியின் செல்வன், வேறொரு பதிப்பகத்தின் அட்டையோடு. இதற்கு ஆப் எதற்கு? எந்த ஸ்டாலிலும் முன்மேசையில் அடுக்கியிருப்பது அதுதானே.

ரசனையைக் கேட்டுத் தருவதுதான் வழி என்பவர்கள் 1960களின் வாசகர் வட்டத்தையும் நினைத்துப் பார்க்கலாம். லட்சுமி கிருஷ்ணமூர்த்தி சென்னையில் நடத்திய பதிப்பகம் அது. உறுப்பினர்களைச் சேர்த்து அவர்களுக்குப் புத்தகம் கொடுத்தது. உங்களுக்குத் துப்பறியும் கதை பிடிக்குமா, குடும்பக் கதை பிடிக்குமா என்று யாரையும் கேட்கவில்லை. தி. ஜானகிராமனின் 'அம்மா வந்தாள்' அங்கிருந்து வந்தது. காவிரிக் கரையோரப் பயணநூலான 'நடந்தாய் வாழி காவேரி' வந்தது. 1976இல் கி. ராஜநாராயணனின் 'கோபல்ல கிராமம்' வந்தது. கரிசல்காட்டு நாவல் ஒன்று தனக்குப் பிடிக்கும் என்று கேள்வித்தாளில் டிக் அடித்திருக்கக்கூடிய உறுப்பினர் அன்றைக்கு எத்தனை பேர் இருந்திருப்பார்கள்? தேர்ந்தெடுத்தவர்கள் புத்தகத்தை அறிந்திருந்தார்கள். அதுவே போதுமானதாக இருந்தது.

சரி, புத்தகத்தைத் தெரிந்துகொள்வது என்றால் என்ன? ஒரு சின்னச் சோதனை. உங்களுக்குப் பழக்கமான ஏதாவது ஒரு தளத்தில் மௌனியைத் தேடுங்கள். அந்தப் பெயரை இரண்டு விதமாகத் தட்டலாம். மகரத்துக்குப் பின் ஔகாரக் குறியை இட்டு 'மௌனி' என்று தட்டலாம். ஒற்றைக்கொம்பை இட்டு அடுத்து ளகரத்தைத் தட்டி 'மெளனி' என்றும் தட்டலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். கணிப்பொறிக்கு முதலாவதில் ஓர் எழுத்து குறைவு. இரண்டும் சம்பந்தமே இல்லாத இரண்டு பேர். 'கொ'வின் கொம்பையும் காலையும் தனித்தனியாகத் தட்டியிருந்தால் யூனிகோடின் சீராக்க விதி சேர்த்துவைத்துவிடும். இங்கே அந்த விதி கைவிரித்துவிடும், ஏனென்றால் அதன் கணக்கில் ளகரம் ஒரு முழு எழுத்து. ஸ்ரீயிலும் இதே கதை. 2005இல் ஶகரம் யூனிகோடில் சேர்ந்த பிறகு அந்த எழுத்து இரண்டு வழிகளில் உள்ளே போகிறது, திரையில் ஒரே வடிவமாக வெளியே வருகிறது. ஏற்றியவர் ஒரு விதமாகத் தட்டியிருப்பார், தேடுபவர் இன்னொரு விதமாகத் தட்டுவார். 'முடிவுகள் இல்லை' என்று வரும். தமிழின் மிக முக்கியமான சிறுகதைக்காரர்களில் ஒருவர் அந்த ஆப்பில் பிறக்கவே இல்லை.

இதைச் சரிசெய்யப் பெரிய அறிவியல் வேண்டாம், சில வரி நிரல் போதும். ஆனால் இப்படி ஒரு சிக்கல் இருக்கிறது என்று தெரிந்தவர் ஆப் செய்யும் அறையில் இருக்க வேண்டும். தி. ஜானகிராமன், தி.ஜானகிராமன், தி.ஜா., ஜானகிராமன் தி. என்பவர்கள் ஒரே ஆள் என்று சொல்லித்தர வேண்டும். அவருடைய மோகமுள்ளைச் சிலர் சேர்த்து எழுதுவார்கள், சிலர் பிரித்து எழுதுவார்கள். ரோமன் எழுத்தில் போடுபவர்கள் ஆளுக்கொரு எழுத்துக்கூட்டல் வைத்திருப்பார்கள். குட்ரீட்ஸில் தமிழ் எழுத்தாளர்களைத் தேடிப் பார்த்தவர்களுக்கு, ஒரே ஆசிரியர் தமிழில் ஒருவராகவும் ஆங்கிலத்தில் இருவராகவும் பிரிந்து கிடக்கும் காட்சி புதிதல்ல.

அடுத்து, புத்தகத்தின் உரிமைப் பக்கத்தைத் திருப்புங்கள். தலைப்பு, ஆசிரியர், 'முதற்பதிப்பு: டிசம்பர் 2014', பக்கங்கள், விலை, அச்சகம். (எப்போதும் டிசம்பர்தான், ஜனவரியில் காட்சி அல்லவா.) அந்த முதற்பதிப்பு இந்தப் பதிப்பகத்துக்குத்தான் முதல். நாவல் 1940களில் எழுதப்பட்டிருக்கலாம், வேறு மூன்று பதிப்பகங்களில் வந்திருக்கலாம், நாட்டுடைமை ஆனபின் கண்டவர்களும் போட்டிருக்கலாம். அதெல்லாம் அந்தப் பக்கத்தில் இருக்காது. ஆப்பில் ஏற்றுபவர் 2014 என்று ஏற்றுவார். 'புதிய நாவல்கள்' என்று வடிகட்டினால் காலமான ஆசிரியரின் நாவல் புத்தம்புதிதாக முன்னால் வந்து நிற்கும். பார்கோடை ஸ்கேன் செய்தால் எல்லாம் வந்துவிடும் என்று வரைபடக்காரர்கள் நம்புகிறார்கள். ஐ.எஸ்.பி.என். எண்ணை இந்தியாவில் இலவசமாகவே தருகிறார்கள். ஆனாலும் அது இல்லாமல் வரும் தமிழ்ப் புத்தகங்கள் இன்றும் உண்டு. அந்த எண் என்ற ஏற்பாடே தோன்றுவதற்கு முன்னால் வந்த நூல்களுக்குக் கேட்கவே வேண்டாம்.

பொன்னியின் செல்வன் 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் தொடராக வந்தது. இன்று ஐந்து தனிப் பாகங்களாக இருக்கிறது, ஒரே தொகுதியாக இருக்கிறது, சுருக்கமாக, படக்கதையாக, ஒலிநூலாக, ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட மொழிபெயர்ப்பாக இருக்கிறது. ஒவ்வொன்றையும் தனிப் புத்தகமாக ஏற்றினால் பேச்சு ஐம்பது இடத்தில் சிதறும். எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டினால் சுருக்கத்தைப் படித்தவரும் முழுவதையும் படித்தவரும் ஒரே இடத்தில் சண்டை போடுவார்கள். நூலகவியல் இதற்கு 1998லேயே வழி சொல்லிவிட்டது. நூலகங்களின் உலகக் கூட்டமைப்பான இஃப்லா வெளியிட்ட அறிக்கை நான்கு அடுக்காகப் பிரிக்கிறது: படைப்பு, மொழிபெயர்ப்பு, சுருக்கம் போன்ற அதன் வடிவம், குறிப்பிட்ட பதிப்பகத்தின் பதிப்பு, நம் கையில் இருக்கும் பிரதி. எனக்குக் காட்டப்பட்ட வரைபடங்களில் 'புத்தகம்' என்று ஒரே ஒரு பெட்டிதான் இருந்தது. பதக்கத்துக்குத் தனி ஸ்க்ரீன் இருந்தது.

மொழிபெயர்ப்புகளில் நிலைமை இன்னும் மோசம். 'நீலகண்டப் பறவையைத் தேடி', 'அக்னி நதி', 'ஆரோக்கிய நிகேதனம்' மூன்றும் தீவிர வாசகர்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிக்கொண்டு வரும் நாவல்கள். முதலாவது அதீன் பந்த்யோபாத்யாய வங்காளத்தில் எழுதியது, சு. கிருஷ்ணமூர்த்தி தமிழாக்கினார். இரண்டாவது குர்ரதுலைன் ஹைதரின் உருது நாவல், தமிழில் சௌரி. இவை இரண்டும் நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடுகள். மூன்றாவது வங்காளத்தின் தாராசங்கருடையது, சாகித்திய அகாதெமிக்காகத் தமிழாக்கியவர் த.நா. குமாரஸ்வாமி. இவற்றில் ஒன்றைப் படித்து அதிர்ந்து உட்கார்ந்திருக்கும் வாசகருக்கு அடுத்து என்ன தேவை? இந்த மொழிபெயர்ப்பாளர் வேறு என்ன கொண்டுவந்திருக்கிறார், இதே வரிசையில் வேறு எந்த மொழியிலிருந்து என்ன வந்தது. இந்த இரண்டு இணைப்புகளை ஒழுங்காகக் கொடுத்தால் ஒரு வாசகருக்குப் பத்தாண்டுக்குப் படிக்க இருக்கும். அவர் வயது, ஊர், மனநிலை எதையும் ஆப் கேட்க வேண்டாம். நடப்பிலோ இணையக் கடைகள் பலவற்றில் மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு கட்டமே கிடையாது. இருந்தாலும் 'சௌரி'யில் மறுபடி அதே ஔகாரத் தகராறு.

தமிழுக்கு இந்தப் பட்டியல் வேலை புதிது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. ஜான் மர்டாக் தமிழ் அச்சுநூல்களை வகைவாரியாகப் பிரித்து 1865லேயே பட்டியல் போட்டார். இரண்டாண்டு கழித்து வந்த சட்டத்தின்படி அச்சான நூல்களை அரசு பதிந்துகொண்டே வந்தது. 1954ஆம் ஆண்டுச் சட்டப்படி ஒவ்வொரு பதிப்பாளரும் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற மூன்று நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். எத்தனை பேர் அனுப்புகிறார்கள் என்பது பதிப்புலகில் எல்லாருக்கும் தெரிந்த ரகசியம். இதில் வேடிக்கை என்னவென்றால், அமெரிக்காவின் நாடாளுமன்ற நூலகம் 1962இல் டெல்லியில் ஓர் அலுவலகம் திறந்து, அந்த நாட்டுக் கோதுமைக்கு இந்தியா ரூபாயாகச் செலுத்திய பணத்தில் தமிழ்ப் புத்தகங்களையும் வாங்கி அங்குள்ள பல்கலைக்கழகங்களுக்கு அனுப்பியது. ஆகவே சென்னையில் அச்சாகி இங்கே காணாமல் போன 1965ஆம் ஆண்டு நாவலின் நம்பகமான பதிவு, ஏதோ ஓர் அமெரிக்க நூலகப் பட்டியலில், ரோமன் எழுத்தில், எழுத்துக்கு அடியில் புள்ளி வைத்துக் கிடக்கிறது. நாம் அதைத் தமிழில் திருப்பிக் கொண்டுவருவதற்குள் பதக்கம் வடிவமைக்கப் போய்விட்டோம்.

சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகத்தைக் கட்டி எழுப்பிய எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகள் சொன்னார். ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது இரண்டாவது. ஆப்காரர்களுக்கு அது மிகவும் பிடிக்கும். விளக்கப் படங்களில் போட்டுக்கொள்வார்கள். மூன்றாவது விதி, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். இதை நிறைவேற்ற அவர் கேட்டது திறந்த அலமாரி, பொருள்வாரி அடுக்கல், ஒரு நூலுக்குப் பல கோணங்களில் பட்டியல் பதிவு. அதாவது நூலின் பக்கம் நின்று செய்யும் வேலை. அதைச் செய்ய ஆளில்லாததால்தான் இரண்டாவது விதியும் இங்கே நொண்டுகிறது.

நட்சத்திரத்துக்கு வருவோம். வாசகர் தீர்ப்பு, ஜனநாயகம் என்றெல்லாம் சொல்கிறார்கள். 2023 ஜூனில் அமெரிக்க எழுத்தாளர் எலிசபெத் கில்பர்ட் அடுத்து வரவிருக்கும் தன் நாவலை அறிவித்தார். கதை நடப்பது சைபீரியாவில். உக்ரைன் போர் நடக்கும்போது ரஷ்யாவைக் களமாக வைப்பதா என்று குட்ரீட்ஸில் நூற்றுக்கணக்கானவர்கள் ஒற்றை நட்சத்திரம் போட்டார்கள். புத்தகம் அச்சாகவே இல்லை; ஒருவரும் ஒரு பக்கம் படித்திருக்க முடியாது. கில்பர்ட் வெளியீட்டை நிறுத்திக்கொண்டார். நமக்கு இது அந்நியக் கதையும் அல்ல. பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010இல் வந்தது. நாலாண்டு கழித்து அதன் சில பக்கங்களை மட்டும் எதிர்ப்பாளர்கள் படியெடுத்துத் திருச்செங்கோட்டில் விநியோகித்தார்கள். மீதிப் பக்கங்களைப் பற்றி யாருக்கும் கவலை இருக்கவில்லை. 2015 ஜனவரியில் அவர் எழுத்தையே விடுவதாக அறிவித்தார். 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்த பிறகுதான் நிலைமை மாறியது. அந்த நாட்களில் நட்சத்திரம் போடும் தமிழ் ஆப் ஒன்று இருந்திருந்தால் ஜெராக்ஸ் செலவு மிச்சம்.

நட்சத்திரத்தைக் கட்டுப்படுத்த வழி கண்டுபிடிக்கலாம் என்பார்கள். எதற்காகக் கட்டுப்படுத்த வேண்டும்? எடுத்துவிட்டால் என்ன குறைகிறது? விமர்சகர் க.நா.சு. 'படித்திருக்கிறீர்களா?' என்று கேட்டு நூல் நூலாக அறிமுகம் செய்தபோது எதற்கும் மூன்றரை மதிப்பெண் போடவில்லை. சொல்பவர் யார் என்று வாசகருக்குத் தெரியும். உடன்படுபவர்களுக்கு மட்டுமல்ல, அவரோடு எப்போதும் முரண்படுபவர்களுக்கும் அந்தக் குறிப்பு உதவியது. அவர் முகம் சுளித்த புத்தகத்தைத் தேடிப்போய் வாங்கியவர்களும் இருந்திருப்பார்கள். பெயர் போட்டு ஒரு பத்தி எழுத முடியாதவரிடம் மதிப்பெண் மட்டும் வாங்கி வைத்துக்கொண்டு என்ன செய்வது?

ஆண்டுக்கு ஐம்பது புத்தகம் என்ற சவாலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம். பருமனான 'விஷ்ணுபுர'த்தை எடுத்தவர் மூன்று மாதம் பூஜ்யத்தில் நிற்பார். எண்பது பக்கத் தன்னம்பிக்கை நூல்களை அடுக்கியவர் பதக்கம் வாங்குவார்.

விவாதம் கொஞ்சம் சிக்கலான விஷயம். திறந்த ஃபீடில் யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பேசலாம் என்று விட்டால் என்ன ஆகும் என்பதை நம் வாட்ஸ்அப் குழுக்கள் காட்டிவிட்டன. ஒருவர் நாவலின் மூன்றாம் அத்தியாயத்தில் இருப்பார், இன்னொருவர் கடைசிப் பக்கத்தை முடித்துவிட்டு யார் சாகிறார் என்று சொல்லிவிடுவார், மூன்றாமவர் ரோஜாப் பூவோடு காலை வணக்கம் போடுவார். கிளை நூலகங்களின் வாசகர் வட்டக் கூட்டங்களில் நடப்பதைப் பாருங்கள். பத்துப் பன்னிரண்டு பேர், எல்லார் கையிலும் புத்தகம், நடத்த ஒருவர், முடிக்க ஒரு நேரம். ஆப்பிலும் விவாத அறை அப்படித்தான் இருக்க வேண்டும்: ஒரு நூல், ஒரு சிறு குழு, ஒரு நடத்துநர், தொடக்கமும் முடிவும். இந்த வாரம் இத்தனை அத்தியாயம், அதைத் தாண்டிய பேச்சு திறக்காது. முடிந்ததும் அறையைப் பூட்டிவிட வேண்டும். எங்கேஜ்மென்ட் குறைந்துவிடும் என்று வடிவமைப்பாளர் முகம் வாடும். வாடட்டும்.

இங்கேயும் பட்டியல் இல்லாமல் ஒன்றும் நகராது. "143ஆம் பக்கத்தில் அவள் சொல்வதைப் பாருங்கள்" என்று ஒருவர் எழுதினால், மற்றவர் கையில் வேறு பதிப்பு. 143ஆம் பக்கத்தில் அவள் இல்லை, மழை பெய்துகொண்டிருக்கிறது. யார் கையில் எந்தப் பதிப்பு என்று ஆப்புக்குத் தெரிந்திருந்தால் பக்கத்தை அத்தியாயத்தோடு பொருத்திக் காட்டலாம். பதிப்புகளைப் பிரித்து வைக்காத ஆப் எதைப் பொருத்தும்?

தமிழ்ச் சூழலுக்கென்று இன்னொரு விதியும் வேண்டும். நம் இலக்கிய உலகம் சின்னது. ஆசிரியர், பதிப்பாளர், மதிப்புரை எழுதுபவர் எல்லாரும் ஒரே குழுவில் இருப்பார்கள். ஆசிரியர் உள்ளே இருக்கிறார் என்று தெரிந்ததும், "ஐயா, தங்கள் நாவல் உலகத்தரம்" என்பதற்கு மேல் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். நாற்பதாம் பக்கத்திலேயே தூங்கிப்போனவரும் அதையே எழுதுவார். அதனால் ஆசிரியருக்குக் கடைசி நாளில் மட்டும் கதவைத் திறந்தால் போதும். இதை நான் சொன்னபோது ஒரு நாவலாசிரிய நண்பர் கோபித்துக்கொண்டார். அதுவே எனக்குச் சாட்சி.

இந்த இடத்தில் இப்போதெல்லாம் ஒரு மாற்று யோசனை வருகிறது: பட்டியல் எதற்கு, ஏஐ இருக்கிறதே, கேட்டால் சொல்லிவிடுமே. 2025 மே மாதம் சிகாகோ சன்-டைம்ஸ் நாளிதழின் இணைப்பில் கோடைகால வாசிப்புப் பட்டியல் ஒன்று வந்தது. பதினைந்து நூல்கள். பத்து நூல்கள் உலகத்திலேயே இல்லை. இசபெல் அயெந்தே போன்ற நிஜ எழுத்தாளர்களின் பெயரில் எழுதப்படாத நாவல்களை, கதைச்சுருக்கத்தோடு, இயந்திரம் எழுதிக் கொடுத்திருந்தது. அதற்குச் சில மாதம் முன்பு ஃபேபிள் என்ற வாசிப்பு ஆப், ஏஐயை வைத்து வாசகர்களின் ஆண்டுச் சுருக்கத்தை எழுதப்போய், வாசகர் ஒருவர் படிக்கும் எழுத்தாளர்களின் நிறத்தை முன்வைத்து அவர் படிப்பைக் கேலி செய்யும் வரிகளைக் கொடுத்துவிட்டு அந்த வசதிகளையே நீக்கியது. ஆங்கிலத்தில், அத்தனை நூலகப் பட்டியல்களும் இணையத்தில் கிடக்கும் மொழியில், இந்தக் கதி. தமிழில் இயந்திரம் படித்திருப்பது நாம் குழப்பி வைத்திருக்கும் பதிவுகளைத்தான். அதிகம் பேசப்படாத ஓர் எழுத்தாளரின் சிறுகதைகளைப் பட்டியலிடச் சொல்லிப் பாருங்கள். ஒருவர் கதையை இன்னொருவர் தலையில் கட்டி, ஆண்டும் போட்டுத் தரும். உரிமைப் பக்கத்தைப் படம் எடுத்துக் கொடுத்தால் அதிலிருந்து விவரங்களைப் பிரித்து எழுத அது உதவும். அந்த வேலைக்கு வைத்துக்கொள்ளலாம், மேலே ஒரு மனிதக் கண்ணோடு.

நான் சொல்வது நூலகம், அவர்கள் கேட்பது ஆப், இளைஞர்களுக்கு அது சலிப்பூட்டும் என்றும் ஒரு வாதம் உண்டு. புத்தகக் காட்சியில் மத்தியானம் முழுக்க அலைந்த அந்தப் பையன் இளைஞன்தான். அவனுக்குச் சலிப்பூட்டியது பட்டியல் அல்ல. நாம் சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் கட்டுகிறோம். மாநிலத்தில் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பொது நூலகங்கள் இருக்கின்றன. தனக்கு வேண்டிய நாவல் பக்கத்துத் தெருக் கிளை நூலகத்தில் இருக்கிறது என்று கைபேசியில் பார்த்துவிட்டுக் கிளம்பும் ஒருவரை நான் இதுவரை சந்தித்ததில்லை. அதைக் காட்டும் ஆப்புக்கு 'உங்களுக்காக' என்ற தலைப்பு பொருந்தும்.

பணம் யார் போடுவார்கள் என்பது நியாயமான கேள்வி. பட்டியலுக்கு முதலீட்டாளர் கிடைக்க மாட்டார்தான். ஆனால் முதலீட்டாளர் கிடைத்த பட்டியலின் கதையையும் பார்த்துவிட்டோம். 2007இல் தொடங்கிய குட்ரீட்ஸில் நூல் விவரங்களைத் திருத்தியதில் பெரும்பங்கு சம்பளமில்லாத வாசகர்களுடையது. 2013இல் அமேசான் அதை வாங்கியது. 2020 டிசம்பரிலிருந்து அந்தத் தரவை வெளி மென்பொருள்கள் எடுத்துக்கொள்ளப் புதிய அனுமதி தருவதை நிறுத்திவிட்டார்கள். மாறாக, 2005இல் தொடங்கிய லைப்ரரிதிங் தளம் நூலகப் பட்டியல்களிலிருந்தும் விவரங்களை எடுத்து இன்னும் நடக்கிறது. ஸ்டோரிகிராஃப் என்ற வாசிப்பு ஆப்பை நாடியா ஒடுனாயோ என்ற பெண் பெரும்பாலும் தனியாளாகவே கட்டினார், சந்தாவில் ஓடுகிறது. இன்டர்நெட் ஆர்க்கைவின் ஓப்பன் லைப்ரரி தன் பதிவுகள் முழுவதையும் யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ள வைத்திருக்கிறது. ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் 2005 முதல் தன்னார்வலர்களின் உழைப்போடு பெரும் சேகரத்தைத் திரட்டியிருக்கிறது. பெரிய பணம் இல்லாமல் நடக்காது என்பதற்கு இதற்கு மேல் மறுப்பு வேண்டுமா?

தொடங்குவதற்கான சரக்கும் கையருகில்தான் இருக்கிறது. காட்சியில் ஒவ்வொரு ஸ்டாலிலும் விலைப்பட்டியல் என்று ஒரு சின்னப் புத்தகத்தை இலவசமாகத் தருகிறார்கள். தலைப்பு, ஆசிரியர், விலை அதில் இருக்கும். மொழிபெயர்ப்பாளர் பெயர் இருந்தால் அதிர்ஷ்டம். ஒரு ஜனவரியில் எல்லா ஸ்டால்களிலும் அதை வாங்கி, தட்டி, பெயர்களைச் சீராக்கினால் 'அச்சில் இருக்கிறதா, யாரிடம்' என்ற கேள்விக்கு விடை கிடைத்துவிடும். தட்டக்கூட வேண்டியதில்லை என்று பதிப்பாளர்கள் சிலர் சொல்வார்கள்: "எங்ககிட்ட எக்ஸெல்லாவே இருக்கு. ஆனா பழைய ஃபான்ட்ல இருக்கும், பரவாயில்லையா?" பரவாயில்லை. யூனிகோடுக்கு மாற்றும் மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த எக்ஸெல்லைக் கேட்டு வாங்க வேண்டும். வாங்கிய பிறகு ஒவ்வொரு வரியையும் உரிமைப் பக்கத்தோடு ஒத்துப்பார்க்க ஆள் உட்கார வேண்டும்.